வலி போன பின்னும் திரும்பாத தசை

நோயாளி வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். மேலே இருக்கும் இடக்கால் மடங்கி, அதன் பாதம் கீழ்க்காலின் முழங்கால் மடிப்பில் செருகியிருக்கிறது. மருத்துவர் ஒரு கையால் அவர் தோளைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். மறு கையின் அடிப்புறத்தில், சுண்டுவிரலுக்கு நேர்கீழே, மணிக்கட்டருகே பட்டாணி அளவில் ஓர் எலும்பு துருத்தி நிற்கும். அதை இடுப்பு முள்ளெலும்பு ஒன்றின் ஓரத்தில் பொருத்துகிறார். "மூச்சை நல்லா இழுங்க, மெதுவா விடுங்க" என்கிறார். மூச்சு முழுதும் வெளியேறும் தறுவாயில் மூட்டு தன் எல்லைவரை திருகி, இனி நகராது என்னும் இடத்தில் நிற்கிறது. அங்கிருந்து ஓர் உந்தல். நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. சடக்கென்று ஓர் ஒலி. நோயாளி எழுந்து உட்காருகிறார். தயங்கித் தயங்கிக் குனிகிறார். காலையில் செருப்பு வாரை மாட்ட முடியாதிருந்தவரின் கை இப்போது கணுக்கால்வரை போகிறது. "எலும்பு இடத்துல உக்காந்துடுச்சு டாக்டர்!" என்று முகம் மலர்கிறார்.

அவர் அடைந்த விடுதலை உண்மையானது. அதற்கு அவர் சொன்ன காரணம் தவறானது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் போவதால்தான் முதுகுவலிக்காரர் பலர் ஆண்டுக்கணக்கில் அதே படுக்கைக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். கைரோபிராக்டிக் என்னும் இந்தக் கைமுறை மருத்துவத்தை உடற்பயிற்சியோடு ஏன் இணைக்க வேண்டும் என்னும் கேள்விக்கு விடை, அந்தத் தவறான காரணத்தைத் திருத்துவதிலிருந்தே தொடங்குகிறது.

முதலில் அந்த ஒலி. விரலில் சொடக்கு எடுக்கும்போதும் நெட்டி முறிக்கும்போதும் எழுவதும் இதுவும் ஒரே வகை. மூட்டின் இரு பரப்புகளுக்கிடையே வழவழப்பான நீர்மம் ஒன்று இருக்கிறது. அதில் வளிகள் கரைந்திருக்கின்றன. பரப்புகள் திடீரென விலகும்போது அழுத்தம் குறைந்து, நீர்மத்துக்குள் ஒரு குழிவு தோன்றுகிறது. குமிழி உடைவதால் ஒலி பிறக்கிறது என்று 1971-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகர ஆய்வாளர்கள் உரைத்தனர். 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் ஒரே மனிதரின் பத்து விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக எம்.ஆர்.ஐ. கருவிக்குள் இழுத்துப் படம்பிடித்தனர். ஒலி எழும் கணத்தில் குழிவு உருவாவதைத்தான் அவர்கள் கண்டனர். தோன்றும்போதா உடையும்போதா என்னும் வழக்கு இன்னும் முற்றாகத் தீரவில்லை. ஆனால் இரு தரப்பாரில் ஒருவரும் அதை எலும்பு இடம் மாறும் ஒலி என்று சொல்லவில்லை. ஒருமுறை சொடுக்கிய விரல் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு மறுபடி சொடுக்காததும் அந்த வளியால்தான். வளி மீண்டும் கரைய நேரம் வேண்டும்.

எலும்பு நகர்ந்ததா என்பதை நேராகவே சோதித்தவர்களும் உண்டு. 1998-இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வொன்றில், இடுப்பெலும்பும் முதுகந்தண்டின் அடியிலுள்ள திரிகமும் கூடும் மூட்டு விலகியிருப்பதாகக் கருதப்பட்ட 10 பேரின் எலும்புகளுக்குள் மிகச் சிறு உலோகக் குண்டுகளைப் பதித்து, கைமுறைச் சீரமைப்புக்கு முன்னும் பின்னும் ஊடுகதிர்ப் படம் எடுத்து அளந்தனர். கைக்குப் புலப்பட்ட மாற்றம் படத்தில் இல்லை. எலும்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

விலகிய எலும்பு என்னும் இந்த எண்ணத்துக்குப் பிறந்த ஊரும் நாளும் உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரில், 1895 செப்டம்பர் 18 அன்று, டேனியல் டேவிட் பால்மர் என்பவர் தாம் பணிபுரிந்த கட்டடத்தின் துப்புரவுப் பணியாளரான ஹார்வி லில்லர்டின் முதுகில் துருத்தியிருந்த ஒரு முள்ளெலும்பை அழுத்தியதாகவும், பல ஆண்டுகளாகச் செவி மங்கியிருந்த லில்லர்டுக்குக் கேட்கத் தொடங்கியதாகவும் கைரோபிராக்டிக் மருத்துவத்தின் தோற்றக் கதை கூறுகிறது. செவி நரம்பு காதிலிருந்து மண்டையோட்டின் உள்வழியே மூளைத்தண்டைச் சென்றடைகிறது. முதுகின் வழியே போவதில்லை. ஆகவே அக்கதையை அப்படியே ஏற்க உடற்கூற்றியல் இடந்தரவில்லை. பால்மரோ அதன்மீது ஒரு பெருங்கோட்பாட்டையே எழுப்பினார்: முள்ளெலும்புகள் சற்றே விலகி நரம்புகளை நெருக்குவதே பெரும்பாலான நோய்களுக்கு முதல் என்றார். 1897-இல் பள்ளி தொடங்கினார். அம்முறைக்குச் சூட்டப்பட்ட பெயரில் உள்ள 'கெய்ர்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் கை என்று பொருள். நம் சொல்லோடு அதன் ஒலி நெருங்கி வருவது தற்செயலே. ஆயினும் தமிழ்க் காதுக்கு இனிக்கத்தான் செய்கிறது.

கோட்பாடு தளர்ந்தது, கை தளரவில்லை. இன்று அம்மருத்துவத்தாரிலேயே பலர் பால்மரின் விளக்கத்தைக் கைவிட்டு, முதுகு, கழுத்து நோவுகளோடு தம் பணியை வரையறுத்துக்கொண்டனர். எலும்பு நகரவில்லை என்றால் வலி ஏன் குறைகிறது? மூட்டுறையிலும் சுற்றியுள்ள தசையிலும் இழுவையை உணரும் நுண்ணுறுப்புகள் நிறைந்திருக்கின்றன. விரைவான உந்தல் அவற்றை ஒருசேர எழுப்புகிறது. அந்தச் செய்தி வெள்ளம் தண்டுவடத்தை அடையும்போது, அதே வாயிலில் காத்திருக்கும் வலிச் செய்தி பின்தள்ளப்படுகிறது. அடிபட்ட இடத்தை நாம் நம்மையறியாமல் தேய்த்துவிடுவதும் இவ்வகையே. வலிக்கு அஞ்சி இறுகிக் கிடந்த தசையும் சற்று நெகிழ்கிறது. முழு விளக்கம் இன்னும் கூடிவரவில்லை என்றாலும், நடப்பது நரம்பிலும் தசையிலும் என்பதில் ஐயம் குறைவு. நரம்பில் நிகழும் இம்மாற்றம் நெடுநேரம் நிற்பதில்லை. சில மணி, சில நாள். பிறகு பழைய இறுக்கம் மீள்கிறது.

இங்கே முதுகந்தண்டின் அமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 33 எலும்புகள் கொண்ட தொடரில் மேலுள்ள 24 மட்டுமே தனித்தனியாக அசைபவை: கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5. எலும்புகளுக்கிடையே நீர் செறிந்த இடைத்தட்டுகள். மக்கள் வழக்கில் 'ஜவ்வு' என்றும் 'டிஸ்க்' என்றும் சொல்லப்படுபவை இவையே. நாள்முழுதும் உடலின் எடை அழுத்த இவற்றிலிருந்து நீர் கசிகிறது; இரவில் படுத்திருக்கும்போது மீண்டும் உறிஞ்சப்படுகிறது. அதனால் நாம் ஒவ்வொருவரும் மாலையில் காலையைவிட ஏறத்தாழ ஒரு விழுக்காடு குள்ளமாக இருக்கிறோம். தட்டின் உட்பகுதிக்குக் குருதிக் குழாய் கிடையாது. ஊட்டம் முழுதும் இந்த நீர்ப் போக்குவரத்திலும் ஊடுபரவலிலும்தான் வந்தாக வேண்டும். அசைவற்ற முதுகு ஊட்டமற்ற முதுகாகிவிடுவதன் காரணம் இதுவே.

ஆனால் எலும்பும் தட்டும் பிணைநாரும் மட்டும் நம்மை நிறுத்திவைப்பதில்லை. 1961-இல் லூகாஸ், பிரெஸ்லர் என்னும் இரு ஆய்வாளர்கள், இறந்தோர் உடலிலிருந்து தசைகளை முற்றும் நீக்கிய மார்பு, இடுப்பு முதுகந்தண்டை அடியில் இறுகப் பொருத்தி நிறுத்தி, மேலே எடை வைத்தனர். ஏறத்தாழ 2 கிலோ எடைக்கே அது வளைந்து சரிந்தது. ஓர் அரிசிப் பையைத் தோளில் சுமக்கும் முதுகு, தசை இல்லையேல் இரண்டு படி அரிசிக்கும் தாளாது. நாற்புறமும் இழுகயிறு கட்டி நிறுத்திய கொடிக்கம்பம் போன்றது இவ்வமைப்பு; கயிறு ஒன்று தொய்ந்தால் கம்பத்தை எத்தனை முறை நிமிர்த்தியும் பயனில்லை.

அக்கயிறுகளுள் ஆழத்தில் கிடப்பது மல்ட்டிஃபிடஸ் என்னும் பல்கிளைத் தசை. முள்ளெலும்பின் நடுமுள்ளில் தொடங்கி, கீழே இரண்டு, மூன்று, நான்கு எலும்புகளைத் தாண்டிப் போய்ப் பற்றும் குறுங்கற்றைகளால் ஆனது. கண்ணாடியில் தெரியாது, அதை வளர்த்துக் காட்டி யாரும் பெருமைப்பட முடியாது. ஒவ்வோர் எலும்பும் தன் அண்டை எலும்பின்மேல் வழுக்காமல் காப்பது அதன் வேலை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஜூலி ஹைட்ஸும் அவர் குழுவினரும் 1990-களில் இத்தசையை மீயொலிக் கருவியால் ஆராய்ந்தனர். முதன்முறையாக ஒருபக்க இடுப்புவலி கண்டவர்களிடம், வலித்த பக்கத்தில், வலித்த மட்டத்தில், அத்தசை மெலிந்திருந்தது. வலி தொடங்கிச் சில நாள்களிலேயே இந்த மெலிவு!

அடுத்து அவர்கள் செய்ததுதான் என் நெஞ்சில் நிற்பது. அத்தகைய 39 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். மறு பிரிவுக்கு அத்துடன் இந்த ஒரு தசையை இறுக்கும் பயிற்சி. மீயொலித் திரையில் தம் தசை தடிப்பதைத் தாமே பார்த்துப் பார்த்து அவர்கள் கற்றனர். நான்கு வாரத்தில் இரு பிரிவினருக்கும் வலி பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. அவ்வளவில் நிறுத்தியிருந்தால் பயிற்சியால் ஒன்றும் விளையவில்லை என்றே தீர்ப்பெழுதியிருப்பர். ஆனால் பத்தாம் வாரத்தில் மீண்டும் அளந்தபோது, பயிற்சி பெறாதோரிடம் தசை மெலிந்தபடியே இருந்தது. வலி போயிருந்தது, இயல்பு வேலைக்குத் திரும்பியிருந்தனர், தசை மட்டும் திரும்பவில்லை. ஓராண்டுக்குள் அவர்களில் 84 விழுக்காட்டினருக்கு வலி மறுபடி வந்தது. பயிற்சி பெற்றோரிடம் அது 30 விழுக்காடு. சிறிய ஆய்வுதான், 39 பேரை வைத்து உலகளாவிய விதி எழுத முடியாது. ஆயினும் முதுகுவலியின் வரலாற்றில் இவ்வளவு தெளிவாக ஒரு மறைவிடத்தைக் காட்டிய ஆய்வுகள் சிலவே.

கையும் பயிற்சியும் சந்திக்கும் இடம் இது. வலி இருக்கும்வரை ஆழ்தசை முழுமையாக இயங்க மறுக்கிறது; தசை இயங்காதவரை வலி மீள வழி திறந்தே கிடக்கிறது. கைமுறைச் சீரமைப்பு தரும் சில நாள் தணிவு, இந்தச் சுழலில் விழும் ஓர் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் பயிற்சியைத் தொடங்கியவர் சுழலை விட்டு வெளியேறக்கூடும். தொடங்காதவர் இடைவெளி மூடியதும் அடுத்த சந்திப்புக்கு நாள் குறிப்பார்.

இது வெறும் ஏரணமாகத் தோன்றாமலிருக்க, பெரிய ஆய்வொன்றைச் சொல்ல வேண்டும். 2004-இல் பிரித்தானியாவில் வெளியான ஆய்வில் முதுகுவலியுற்ற 1,334 பேர் பங்கேற்றனர். எல்லோருக்கும் குடும்ப மருத்துவரின் நல்ல கவனிப்பு கிடைத்தது. அதற்குமேல் ஒரு பிரிவுக்குக் கைமுறைச் சீரமைப்பு, ஒரு பிரிவுக்குப் பயிற்சி வகுப்பு, ஒரு பிரிவுக்கு முதல் ஆறு வாரம் சீரமைப்பும் அடுத்த ஆறு வாரம் பயிற்சியும். அன்றாடச் செயல்களில் முதுகு எவ்வளவு முட்டுக்கட்டையாகிறது என்பதை 24 புள்ளி அளவுகோலால் அளந்தனர். மூன்றாம் மாதத்தில், மருத்துவர் கவனிப்பு மட்டும் பெற்றோரைவிடப் பயிற்சிப் பிரிவு 1.4 புள்ளியும், சீரமைப்புப் பிரிவு 1.6 புள்ளியும், இணைந்த பிரிவு 1.9 புள்ளியும் முன்னேறியிருந்தன. ஓராண்டு முடிவில் பயிற்சியின் தனிப் பயன் மங்கியது. சீரமைப்பின் பயன் 1.0, இணைந்ததன் பயன் 1.3.

இந்த எண்கள் சிறியவை. அதை மறைக்க நான் விரும்பவில்லை. முதுகுவலியை அறவே ஒழிக்கும் மருத்துவம் உலகில் எங்கும் இல்லை. மாத்திரையும் ஊசியும் தரும் பயனும் இதே அளவில்தான் நிற்கிறது. ஆனால் எண்களின் வரிசையைப் பாருங்கள். மூன்றாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் முதலிடத்தில் நிற்பது இணைப்பே.

கழுத்துக்கு வந்தால் பயிற்சியின் தட்டு இன்னும் தாழ்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கெர்ட் பிரான்ஃபோர்ட் குழுவினர் நாட்பட்ட கழுத்துவலி கொண்ட 191 பேரை 11 வாரம் நடத்தி, ஈராண்டு தொடர்ந்து பார்த்தனர். சீரமைப்போடு எளிய வலுப்பயிற்சியும் பெற்றோர், பொறிகளில் பயிற்சி பெற்றோர் ஆகிய இரு பிரிவினரும் சீரமைப்பு மட்டும் பெற்றோரைவிட நலமாக இருந்தனர். 2012-இல் அதே குழு, புதிதாகக் கழுத்து பிடித்துக்கொண்ட 272 பேரிடம் இன்னொன்றைக் கண்டது. சீரமைப்பு மாத்திரையை வென்றது. ஆனால் ஒரு மணிநேர வகுப்பு இரண்டில் கற்றுக்கொண்ட வீட்டுப் பயிற்சியும் சீரமைப்புக்கு ஏறத்தாழ நிகராக நின்றது. இந்த ஆய்வுகளை நடத்தியது கைரோபிராக்டிக் கற்பிக்கும் ஒரு பல்கலைக்கழகம் என்பதை நினைவில் கொண்டால், அம்முடிவை மறைக்காமல் வெளியிட்ட அவர்களின் நேர்மை மதிப்புக்குரியது.

கையையும் பயிற்சியையும் ஒரே மருத்துவமாகக் கண்டவர்கள் முன்பே இருந்தனர். 1813-இல் ஸ்டாக்ஹோமில் பெர் ஹென்ரிக் லிங் தொடங்கிய நடுவண் உடற்பயிற்சிக் கழகத்தில் நோயாளியின் உறுப்பை மருத்துவர் அசைப்பதும், நோயாளி தானே அசைப்பதும் ஒரே பாடத்தின் இரு பகுதிகள். குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களிடமும் இதைக் காணலாம்: களரியில் அடிமுறையும் சிலம்பமும் கற்பிக்கும் அதே கைதான் சுளுக்கும் தடவுகிறது. எந்தத் தசையை எழுப்ப வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். அதை எழுப்பும் அடியும் சுவடும் அவர் காலுக்குத் தெரியும். பிற்காலத்தில் தொழில்கள் பிரிந்தன. ஒருவர் தொடுகிறார், மற்றொருவர் பயிற்றுகிறார், நோயாளி இருவருக்குமிடையே அலைகிறார்.

பயிற்சி என்றதும் பயிற்சிக்கூடத்தையும் பளுவையும் எண்ணி அஞ்சுவோர் உண்டு. தேவையானது ஒரு பாய். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகின் விசையியலை நெடுங்காலம் ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகளில் ஒன்றை மட்டும் இங்கே விரிக்கிறேன். தவழும் குழந்தையைப் போல இரு கையும் இரு முழங்காலும் ஊன்றி நிற்க வேண்டும். முதுகு கூன் விழாமலும் குழிந்து தொங்காமலும், தன் இயல்பான வளைவில் இருக்கட்டும். அடிவயிற்றை, யாரோ மெல்லத் தட்டப் போகிறார்கள் என்பது போலச் சற்றே இறுக்குங்கள். மூச்சை அடக்க வேண்டாம். இப்போது வலக்கையை முன்னும் இடக்காலைப் பின்னும் நீட்டுங்கள். குதிகாலால் பின்சுவரைத் தள்ளுவது போலக் கால் நீள வேண்டும். மேலே எழும்ப வேண்டாம், எழும்பினால் இடுப்பு குழிந்துவிடும். எட்டுப் பத்து நொடி போதும். இறக்கி, மறுபுறம். இடுப்பின்மேல் தண்ணீர் நிறைந்த ஒரு சிறு செம்பை வைத்துச் செய்து பாருங்கள். கையும் காலும் எழும்போது இடுப்பு ஒருபக்கம் திரும்பினால் செம்பு சரியும். சரியாமல் காப்பது எதுவோ, அதுவே நாம் தேடும் ஆழ்தசை. நெடுநேரம் பிடித்து நிற்பதைவிடச் சிறு சிறு இடைவெளிவிட்டுப் பலமுறை செய்வதே இதில் நல்லது. தாங்கும் திறன் வளர வேண்டும், களைப்பு வளரக் கூடாது.

எப்போது தொடங்குவது? வலி உச்சத்தில் இருக்கும் முதல் சில நாள்களில் முறையான முதுகுப் பயிற்சி வேண்டாம். 1995-இல் ஹெல்சிங்கி மாநகரப் பணியாளர் 186 பேரிடம் நடந்த ஆய்வில், படுத்து ஓய்ந்தோரையும், உடனே முதுகை வளைக்கும் பயிற்சியில் இறங்கியோரையும்விட, வலி பொறுக்குமட்டும் அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே விரைவில் தேறினர். ஆகவே முதல் நாள்களில் நடையும் சிறுவேலையும். கைமுறைத் தணிவு தேவையானால் அப்போது. பிடிப்பு இளகியதும் பயிற்சி. இன்னொன்று: விடியலில் இடைத்தட்டுகள் நீர் நிறைந்து விம்மி நிற்கும். எழுந்த முதல் ஒரு மணிநேரம் ஆழக் குனிவதையும் குடம் தூக்குவதையும் தவிர்ப்பது முதுகுக்கு நாம் செய்யும் எளிய உதவி.

கைமுறையில் இடர் இல்லை என்று சொல்வது பொறுப்பாகாது. சீரமைப்புக்குப் பின் ஓரிரு நாள் உடல்நோவு வருவது இயல்பு. கழுத்தைத் திடீரெனத் திருகும் உந்தலுக்குப் பின், மிக அரிதாக, கழுத்தெலும்புகளினூடே மூளைக்கு ஏறும் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் நேர்ந்ததுண்டு. முடிதிருத்தும் கடையில் தலையைப் பிடித்து இருபுறமும் 'படக்' என்று முறித்துவிடும் வழக்கத்தை நான் மனமார எதிர்க்கிறேன். அங்கே முன்னாய்வும் இல்லை, பயனும் இல்லை. எலும்புப்புரை நோயாளி, புற்றுநோய் கண்டவர், காய்ச்சலோடு முதுகு வலிப்பவர், விழுந்து அடிபட்டவர் ஆகியோருக்கு உந்தல் ஆகாது. தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர் பிரியாமை, கால் விளங்காமை ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் எந்தக் கைமுறையையும் நாடாமல் அந்த மணிநேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தண்டுவடத்தின் வால்நரம்புகள் நசுங்குவதன் அறிகுறி அது.

இங்கிலாந்தின் நைஸ் என்னும் மருத்துவ நெறிமுறை நிறுவனம் 2016-இல் இடுப்புவலிக்கு வகுத்த வழிகாட்டுதலில், கைமுறை மருத்துவத்தைப் பயிற்சியும் உள்ளடங்கிய தொகுப்பின் ஒரு கூறாக மட்டுமே கருதலாம் என்று வரம்பிட்டது. அந்த 'மட்டுமே' என்னும் சொல்லில் இத்தனை ஆண்டு ஆய்வும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. எனவே, முப்பது, நாற்பது சந்திப்புகளுக்கு முன்பணம் கேட்டு, ஒரு பயிற்சிகூடக் கற்பிக்காத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம். சந்திப்புகள் வாரத்துக்கு வாரம் அருகி, வீட்டில் செய்யும் பயிற்சி வாரத்துக்கு வாரம் பெருகும் இடமே நாடத்தக்கது.

முதற்காட்சியில் கண்ட நோயாளி அத்தகைய இடத்துக்கு வந்திருந்தால் ஆறாம் வாரக் காட்சி வேறாக இருக்கும். படுக்கை ஓரமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. தரையில் விரித்த பாயில் அவர் கையும் முழங்காலும் ஊன்றி நிற்கிறார். இடுப்பின்மேல் சிறு செம்பு. இடக்கை முன்னே நீள்கிறது, வலக்கால் பின்னே நீள்கிறது. மருத்துவர் இரு கைகளையும் பின்னே கட்டிக்கொண்டு, செம்பின் விளிம்பில் நீர் ததும்புகிறதா என்று குனிந்து பார்க்கிறார்.